செத்துப்போன செல்களும் என் அம்மாவும்

மூன்றாவது முறையும் செல்கள் செத்துப்போனபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உயிர்ப்பொறியியலில் எம்.டெக். இரண்டாம் வருடம். பட்டு நூலைக் கரைத்து மெல்லிய ஏடாக்கி, அதன்மேல் மனிதத் தோல் செல்களை வளர்க்க வேண்டும். தீக்காயத்தை மூட ஒருநாள் உதவும் என்று நம்பிக்கை. ஆரணிக்காரி என்ற திமிரில் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். பட்டு என் காலை வாரிக்கொண்டிருந்தது.

என் வழிகாட்டி மேடம் கோபப்படுகிற ஆள் இல்லை. அதுதான் பயமே. "இன்னும் ஒரு பேட்ச் போட்டுப் பாரும்மா. அதுவும் செத்துதுன்னா வேற டாபிக் எடுத்துக்கோ" என்றார். அவ்வளவு உழைப்பும் குப்பைக்குப் போகும், அவரிடமே பிஎச்.டி. சேரும் ஆசைக்கும் ஒரு முழுக்கு.

நூல் எங்கள் வீட்டிலிருந்து வந்தது. அப்பா தறி நெய்கிறார். பசை நீக்காத, சாயம் ஏற்றாத கோராப் பட்டு எப்போதும் இருக்கும். கேட்கும்போதெல்லாம் அம்மா ஒரு சிட்டம் நூலை முறுக்கிக் கட்டிக் கொரியரில் அனுப்புவாள். கடைசி பேட்ச் ஆயிற்றே, நானே போய் எடுத்துவரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா அடுப்படியில் குண்டானில் மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தாள். எனக்கென்று எடுத்து வைத்த சிட்டம் அதில் முங்கிக் கிடந்தது.

"இன்னாம்மா பண்ற?"

"உன் நூலுக்குத்தான் மஞ்ச வெச்சிகினு இருக்கேன்."

எங்கள் வீட்டில் மஞ்சள் வைக்காமல் புதுத்துணி உடுத்த முடியாது. முதல் சிட்டத்துக்கு ஒரு பொட்டு வைத்தாளாம். செல்கள் செத்துவிட்டன என்று நான் போனில் அழுததும், யார் கண் பட்டதோ என்று அடுத்ததை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து அனுப்பினாள். மூன்றாவதற்கு இன்னும் கெட்டியாக. நான் அழ அழ மஞ்சள் ஏறிக்கொண்டே போயிருக்கிறது! கோராவே மஞ்சள் நிறம். பிரித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பசை நீக்கச் சலவைச் சோடாவில் கொதிக்கவைத்தபோது தண்ணீர் ஆரத்திபோலச் சிவந்தது. அதையும் பசையின் குணம் என்று நினைத்துவிட்டேன்.

"கிருமி சாகணும்னுதான காயத்துக்கு மஞ்ச வெக்கற? என் செல்லும் சேந்து சாவுதும்மா!" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். "நல்லது நடக்கட்டும்னு வெச்சேன்டி. உன் படிப்புல எனக்கு வேற இன்னா செய்யத் தெரியும்?"

அதற்குமேல் எந்தப் பாவியால் கத்த முடியும்?

வேறு சிட்டம் எடுத்தாள். மஞ்சள் படாமல் அதை என் பையில் வைக்க அவளுக்குக் கை வரவில்லை. அப்பாதான் வாங்கி உள்ளே திணித்தார்.

லேபில் மிச்சமிருந்த பழைய மஞ்சள் நூலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். மஞ்சள் பட்டதில் பழைய கதைதான். படாததில் செல்கள் ஏட்டைப் பற்றிக்கொண்டு கைகால் நீட்டிப் படர்ந்திருந்தன. மேடம் மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "டாபிக் மாத்த வேணாம். பிஎச்.டி.க்கு அப்ளை பண்ணு" என்றார். குதிக்கவேண்டும் போலிருந்தது. குதித்தேன்.

வீடியோ காலில் அம்மாவுக்குத் திரையைக் காட்டினேன். சண்டையின் வருத்தம் இன்னும் அவள் முகத்தில் இருந்தது.

"எல்லாம் உசுரோட இருக்குதா?"

"இருக்குதும்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். "இதுங்களுக்குச் சாப்பாடு?"

"நான்தான் ஊத்தணும். ஒருநாள் விட்டு ஒருநாள். இன்னிக்கு சாயங்காலம் ஊத்தணும். இப்ப கேன்டீனுக்குப் போறேன், பசி உயிர் போகுது."

"ஐயய்யோ, வாயில்லாத ஜீவனுங்கடி! நீ அப்பறம் துன்னுக்கலாம். மொதல்ல அதுங்களுக்கு ஊத்திட்டுப் போ."