துரைக்கு முறைப்பெண்

திருச்சி பாலக்கரையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த வீரமலைக்கு இரண்டு கிறுக்கு உண்டு. ஒன்று, எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். பஞ்சர் ஒட்டக் கொடுத்த வண்டியின் டைனமோவைக் கழற்றிப் போட்டுவிட்டு, வண்டிக்காரர் வந்து கத்தும்போது, "கொஞ்சம் இருங்க, உள்ள காந்தம் இருக்கு பாத்தீங்களா?" என்று அவருக்கே பாடம் நடத்துவார். இன்னொரு கிறுக்கு நாய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில், ராஜபாளையத்து மில்லில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு வெள்ளைக் குட்டிகளைக் கூடையில் வைத்து ரயிலில் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டைக்கு மல்லி, ஆணுக்குத் துரை என்று பெயர் வைத்தார் வீரமலை. கடைக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை எழும்பியது. குட்டிகள் வளர்ந்ததும், ஜோடி கைவசமே இருக்கிறதே, இனி என்ன கவலை என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். வீரமலைக்கு வந்ததே கோபம்!

"கூடப் பொறந்ததுங்கய்யா! அண்ணன் தங்கச்சி! கன்னத்துல போட்டுக்குங்க."

மல்லிக்கு உறையூரில் ஒரு காண்டிராக்டர் வீட்டு நாயைத் தேடிப் பிடித்தார். பிறந்த பெண் குட்டி பவுனு. பவுனுக்கும் பருவம் வந்தபோது, வேறொரு நல்ல நாய் வந்திருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று உறையூரிலிருந்து ஆள் வந்தது. வீரமலை மறுத்துவிட்டார். தாய்மாமன் துரை கல்லுக்குண்டு மாதிரி வீட்டிலேயே இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதாவது! பவுனுக்குத் துரை. பவுனின் மகளுக்குப் பவுனின் தம்பி. அவள் மகளுக்கு அவள் அண்ணன். இப்படி உரிமை விடாமல், முறை பிசகாமல் ஐந்தாறு வருஷம் நடத்தினார். நம் வீடுகளில் நடப்பதுதானே, அவரும் அக்கா மகள் இருளாயியைத்தான் கட்டியிருந்தார்.

"பந்தலும் போட்டுரு வீரமலை, நாங்க மொய் எழுதுறோம்" என்று தெருவே கேலி பேசியது. அவர் சட்டை செய்யவில்லை. சட்டை செய்ய அவசியமும் இல்லை. ஒவ்வொரு ஈற்றுக்கும் குட்டிகள் வெளுத்துக்கொண்டே வந்தன. ஒரு புள்ளி கிடையாது, மூக்கு ரோஜா நிறம். லால்குடி, துறையூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள். வெள்ளை நாய் என்றால் வீரமலை என்று ஆகிவிட்டது. பஞ்சர் ஒட்டிப் பிழைக்கும் மனிதனுக்கு அப்படி ஒரு பேர் கிடைத்தால் தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும்?

அறுபதாம் வருஷம் ஆடி மாதம், ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் ஆள் மூச்சு இரைக்க இரைக்க சைக்கிள் மிதித்து வந்தான். கொள்ளிடக் கரையில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் பெரியண்ணன் அனுப்பிய ஆள். போன வருஷம் அவருக்குக் கொடுத்த நாய்க்கு வெறி பிடித்துவிட்டதாம். காவல்காரன் மூக்கனைக் கையில் கடித்துவிட்டதாம். நாயை அடித்துப் போடப் போகிறார்கள், கொடுத்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார் என்றான்.

வீரமலை கடையை அப்படியே போட்டுவிட்டுக் காவிரிப் பாலத்தில் மிதித்தார். மிதிக்கும்போதே அவருக்குள் கேள்வி ஆரம்பித்துவிட்டது. வெறி என்றால் எச்சில் வடியுமே, தண்ணீர் குடிக்காதே, எத்தனை நாளாக? வந்தவன் அதெல்லாம் சொல்லவில்லையே.

தோட்டத்தில் நாயைத் தென்னையோடு சங்கிலியில் கட்டியிருந்தார்கள். இரண்டு பேர் கையில் கடப்பாரையும் உலக்கையும். பெரியண்ணனோடு லால்குடியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். அடுத்த ஈற்றில் குட்டி வேண்டும் என்று வீரமலையிடம் சொல்லி வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். மூக்கனை அப்போதே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள்.

"வாங்க வீரமலை. உங்க நாயோட லட்சணத்தைப் பாருங்க. தூங்கிக்கிட்டிருந்துச்சு. அவுத்து விடலாம்னு முதுகுல கை வெச்சிருக்கான், திரும்பி ஒரே கடி. ஒரு உறுமல் கிடையாது. வந்த நாள்லேருந்தே பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாது, திமிருன்னு நெனச்சோம். இப்ப மூளையே கலங்கிருச்சு."

"தண்ணி குடிக்குதா?"

"குடிக்குது."

வீரமலை நாய்க்குப் பின்னால் போய் நின்றார். கைதட்டினார். நாய் அசையவில்லை. தண்ணீர் இறைக்கும் தகர வாளியை எடுத்துக் கல்லின்மேல் போட்டார். கூடியிருந்தவர்கள் துள்ளினார்கள். நாய் மட்டும் முன்னங்கால் மேல் தலையை வைத்து வாழைமரத்தில் ஊரும் ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய நிழல் முன்னால் விழுந்ததும்தான் திரும்பி, ஆளை அடையாளம் கண்டு, வாலை ஆட்டியது.

அந்த நிமிஷம் வீரமலைக்கு விளங்கிவிட்டது. நாய் பைத்தியமில்லை. செவிடு. பிறவிச் செவிடு. கொட்டகையில் இருந்தவரை மற்றக் குட்டிகள் எழுந்தால் இதுவும் எழுந்தது, அவை ஓடினால் இதுவும் ஓடியது. எதையும் கழற்றிப் பார்க்கும் மனிதர், இதன் காதருகே ஒரு தடவை கைதட்டிப் பார்க்கவில்லை.

சொல்லாமல் இருந்தால் உலக்கை விழும், கதை முடியும். ஏதோ வெறிநாய் இதைக் கடித்த வினை என்று போய்விடும், பேரும் நிற்கும். சொன்னால் லால்குடிக்காரர்கள் காதில் வாங்கி நாலு ஊருக்கு எடுத்துப் போவார்கள். வீரமலை அவர்களை ஒரு தடவை பார்த்தார். நாயைப் பார்த்தார்.

"இதுக்கு வெறி இல்லைங்க. காது கேக்காது. பின்னால யாரோ தொட்டதும் பதறிக் கடிச்சிருக்கு. நம்பலைன்னா பத்து நாளைக்கு என் வீட்டுல கட்டி வெச்சிருக்கேன், மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பாக்கட்டும். மூக்கன் ஊசியை விடாம போட்டுக்கட்டும், செலவு என்னோடது. குத்தமும் என்னோடது. நான் குடுத்த குட்டியே இப்படித்தான்."

பெரியண்ணன் உலக்கைக்காரனைக் கையமர்த்தினார். பிறகு கேட்டார், "இதோட அப்பன் யாரு?"

வீரமலை சொன்னார். அப்பன் ஆத்தாளுக்குத் தாய்மாமன், ஆத்தாளைப் பெற்றவன் அவள் ஆத்தாளுக்குத் தாய்மாமன் என்று வம்சாவளி முழுக்க ஒப்பித்தார். இவ்வளவு நாள் பெருமையாகச் சொன்னதைத்தான் சொன்னார், இந்தத் தடவை குரல் ஏறவில்லை.

"அட என்னங்க நீங்க" என்றார் பெரியண்ணன். "என் தொழுவத்துல பொலிகாளையை மூணு வருஷத்துக்கு மேல வெச்சுக்க மாட்டேன். அதுக்குப் பொறந்த கிடேரிக் கன்னுங்களே வளந்து பருவத்துக்கு வந்துரும்ல? மாத்திருவோம். ஒரே ரத்தம் சேந்தா குறை வரும்னு மாடு வளக்குற எல்லாருக்கும் தெரியும். நாய்க்குப் போயி யாராச்சும் மாமன் மச்சான் பாப்பாங்களா?"

லால்குடிக்காரர்கள் விடைபெறாமலே போனார்கள். வீரமலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நாயைப் பிடித்துக்கொண்டு, பாலத்தில் நடந்தே வந்தார். லாரி ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. நாய் பாட்டுக்கு நடு ரோட்டில் போனது. அவர்தான் பதறி இழுத்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இருளாயி இடுப்பில் கைவைத்தாள். "அப்ப என்னைக் கட்டினதும் தப்புங்கிறியா மாமா? என் காதுக்கு என்ன குறை? நீ வாய்க்குள்ள முனகுறதுகூடக் கேக்குது."

"நமக்கு ஒரு தடவை. இதுங்களுக்கு நான் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிட்டேன்" என்றார். அது சரியான பதிலா என்று அவருக்கே நிச்சயமில்லை. அன்று அவர் மனம் முழுக்க அதுதான் ஓடியது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து, நாய்க்கு வேறு குறையில்லை என்றார். பத்து நாளும் கழிந்தது, வெறி இல்லை. மூக்கனின் கையும் ஆறியது. அந்தச் சமயம் கொட்டகையில் இளையவள் செல்லி பருவத்துக்கு வந்திருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய மாமன்காரன் விடாமல் ஊளையிட்டான். வீரமலை கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு, குட்டி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்ப் பார்க்கக் கிளம்பினார். எத்தனைக்குக் காது இல்லையோ, யாரை என்ன செய்து வைத்திருக்கிறதோ!

முதலில் பொன்மலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ரோசம்மாளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டைக்குட்டி கொடுத்திருந்தார். வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் கைதட்டினார். கொல்லைப்பக்கம் படுத்திருந்த வெள்ளை நாய் தலை தூக்கவில்லை. ரோசம்மாள் உள்ளேயிருந்து வந்து, தரையில் இரண்டு தடவை காலை ஓங்கி மிதித்தாள். அதிர்வு தெரிந்ததும் நாய் எழுந்து அவளைப் பார்த்தது. அவள் உள்ளங்கையைக் கீழே காட்டினாள். உட்கார்ந்தது.

வீரமலை பார்த்தபடியே நின்றார். "இதுக்கு..." என்று இழுத்தார்.

"காது கேக்காது. வந்த வாரமே தெரியும்ங்க. அண்டா மூடி விழுந்தா ஊரே திரும்புது, இது திரும்பலை. பிள்ளைங்க கிட்ட எல்லாம் பின்னால போய்த் தொடாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ஏங்க, அப்பவே பாலக்கரைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் தெரிஞ்சுக்கிட்டிருந்தா அடுத்த ஈத்தையே நிறுத்தியிருப்பேனே. ஒரு ஆளு கடி வாங்கியிருக்க மாட்டானே."

ரோசம்மாள் அவரை நேராகப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டாள்.

"குட்டியைக் குடுக்கும்போது நீங்க என்னங்க சொன்னீங்க? எம் பொண்ணைக் குடுக்கிற மாதிரி குடுக்கிறேன், பத்திரமா பாத்துக்கங்கன்னு கண்ணு கலங்கினீங்க. பொண்ணைக் குடுத்தவங்க மறு மாசமே வந்து எட்டிப் பாப்பாங்கன்னு நானும் இருந்தேன். இன்னிக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு ரெண்டு வருஷம் போச்சு."

உட்காருங்க, காப்பி போடுறேன் என்று சொல்ல வந்தவள், அவர் முகத்தைப் பார்த்து அதை மாற்றிக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை வீடு பாக்கி?"

"பதினாலு இருக்கும்."

"அப்ப உக்காராதீங்க, கிளம்புங்க. அங்கயும் காத்துக்கிட்டுதான் இருப்பாங்க."