போர்டில் இல்லாத வரி

மும்பை செம்பூரில் நான் இப்போது இருக்கும் கட்டடத்தில் முனிசிபாலிட்டிச் செய்திகள் எல்லாம் போனுக்கே வந்துவிடுகின்றன. நாளைக்குத் தண்ணீர் வராது, கொசுமருந்து வண்டி வருகிறது, தெருநாய்களுக்கு ஊசி போடுகிறார்கள். யாரும் யாருக்கும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் போலிருக்கும். யாருக்கென்று கேட்டால், சித்திக்குத்தான். அவள் இப்போது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். போனில் பேசினால் முதல் கேள்வி இன்றைக்கும் அதேதான்: “போர்டுல என்ன போட்டிருக்கான்?”

அந்த போர்டு தாராவியில் எங்கள் சந்து முனையில், குழாயடிக்குப் பக்கத்தில் இருந்தது. வார்டு ஆபீஸ் பியூன் பசை வாளியோடு வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார். எல்லாம் மராத்தி. எங்கள் சந்தோ முக்கால்வாசி திருநெல்வேலிச் சனம். இந்தியில் சண்டை போடத் தெரியுமே தவிர மராத்தி படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு பையன்களும் பெண்கள் குடத்தோடு நிற்கும் குழாயடிக்கு வர வெட்கப்பட்டார்கள். தமிழ் வகுப்பில் இடமில்லை என்று மராத்திப் பள்ளிக்கூடத்தில் தள்ளப்பட்ட நான், ஒன்பது வயதில் சந்துக்கே படிப்பாளி ஆனேன். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. குடங்களை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் என் வாயைப் பார்த்து நிற்பார்கள். அந்தப் பெருமையை அதற்குப் பிறகு எந்த வேலையிலும் நான் அனுபவிக்கவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. பதினாறு வயதில் ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறையில் வேலை. சாயங்காலம் பைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து நூல் பிசிறு வெட்டுவாள். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுவேன். “இது என்ன எழுத்துட்டீ?” என்று என் மராத்திப் புத்தகத்தில் விரலை வைத்துக் கேட்பாள். நான் டீச்சராகிவிடுவேன். தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் கையில் ஒரு தட்டு. என்னைக் குஷிப்படுத்தத்தான் அவள் அடி வாங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்னை தாதர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவாள். எதுவும் வாங்கமாட்டோம். கூட்டத்தில் கை கோத்து நடப்பதுதான் வேலை.

நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது ஊரிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போய் நிச்சயம் பண்ணுவதென்றும், கல்யாணம் வரை அவள் அங்கேயே இருப்பதென்றும் பேச்சு. ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. சித்திக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் சோறு இறங்காமல் திரிந்தேன்.

அந்த வாரம் போர்டில் புது நோட்டீஸ் ஒட்டினார்கள். வீடுகளைக் கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள். ரேஷன் கார்டும் லைட் பில்லும் எடுத்து வையுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும். அவ்வளவுதான் இருந்தது. அவர்கள் வரும் நாள், அப்பாவும் சித்தியும் ரயிலேற வேண்டிய நாளுக்கு மறுநாள்.

கடைசி வரியை விழுங்கிவிட்டு நானே ஒரு வரி சேர்த்துப் படித்தேன். கார்டில் பேர் உள்ள எல்லாரும் அன்றைக்கு வீட்டில் இருக்கவேண்டும். இல்லாதவர் பேர் வெட்டப்படும். ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. அரசாங்கம் சொல்லக்கூடியதாகத்தான் இருந்தது என் பொய். சித்தி இடுப்பில் குடத்தோடு பக்கத்தில் நின்றிருந்தாள். எல்லாரும் போன பிறகும் போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கீழே குத்தியிருந்த வட்ட முத்திரையைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

“பேரை வெட்டிட்டான்னா திரும்பச் சேக்க நாய்படாத பாடு படணும்,” என்றார் அப்பா. டிக்கெட் கேன்சல் ஆயிற்று. முகூர்த்தத்தைத் தள்ள முடியாது என்று மாப்பிள்ளை வீட்டில் கோபித்துக்கொண்டு, அதே முகூர்த்தத்தில் வேறு பெண்ணை நிச்சயம் பண்ணிவிட்டார்கள். அம்மா மூன்று நாள் அழுதாள்.

கணக்கெடுக்கும் நாளில் சந்தே வேலைக்குப் போகவில்லை. ஆம்பிளைகள் எல்லாம் குளித்து, திருநீறு பூசி, வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வந்த ஆபீசர் பயந்துவிட்டார். மோர்ச்சாவுக்கு, கொடி பிடித்துக் கோஷம் போடத்தான் கூடியிருக்கிறோம் என்று நினைத்திருப்பார். எங்கள் கார்டைப் பார்த்தார், கதவில் ஒரு நம்பர் எழுதினார், கிளம்பினார். அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. ஆள் இல்லையென்றால் பேரை வெட்டுவதாகப் போட்டிருந்ததே, எல்லாரையும் எண்ணவில்லையா என்று இந்தியில் ஆரம்பித்தார்.

“பேரை வெட்டுவதா? அப்படி யார்...” என்று ஆபீசர் வாயெடுத்தார். நான் செத்தேன். அந்த நேரம் பார்த்து சித்தி சூடான சாயாவை அவர் கையில் வைத்தாள். அது தளும்பி அவர் பேப்பரில் கொட்டியது. அவர் பதற, அப்பா துண்டை எடுத்துத் துடைக்க, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

“பாத்துக் குடுக்கக் கூடாதா?” என்று அம்மா திட்டினாள்.

“கை நழுவிட்டுக்கா,” என்றாள் சித்தி.

பிள்ளையார் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டேன். ஒருத்தியின் கல்யாணத்தைக் கெடுத்தேன் என்ற பாரத்தைப் பல வருஷம் தனியாகவே சுமந்தேன். சித்தியோ எப்போதும்போல பட்டறைக்குப் போனாள், நூல் வெட்டினாள், என்னோடு தாதர் கூட்டத்தில் நடந்தாள். பிறகு மூன்று வருஷம் எங்களோடு இருந்தாள். அந்த மூன்று வருஷத்துக்கு நான் இன்றும் ஏங்குகிறேன். அதற்கப்புறம் வந்த வரனைத் தள்ளிப்போட யாரிடமும் நோட்டீஸ் இல்லை.

ஆபீசர் வந்துபோய் ஒரு மாசம் இருக்கும். குழாயடியில் தண்ணீர் நிறுத்தும் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் பெண்கள் சுற்றி நின்றார்கள். “வியாழக்கிழமை தண்ணி வராது,” என்றேன்.

சித்தி கீழே உட்கார்ந்து குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் தூக்கி போர்டை ஒரு பார்வை பார்த்தாள்.

“வியாழன் இல்லட்டீ, வெள்ளி. நல்லாப் பாரு.”

பார்த்தேன். வெள்ளிதான். பெண்கள் சிரித்தார்கள். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்ற கோபம்தான் வந்தது. அன்றைக்கு முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன். எனக்கும் சேர்த்து அவள் காப்பாற்றி வைத்திருந்த நாட்களில் ஒன்று அப்படி வீணாகப் போனது.