வழிகாட்டியில் இல்லாத இடம்

ஓரிகாசா மிட்சுயோவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது மினாகவா துறைமுகத்து மீன் சந்தையில். கணவாய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த சரக்கு வண்டி ஈரத் தரையில் வழுக்கி அவளைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியை, அவள் கணவன் இசாவோ இன்றும் தன் டாக்ஸியில் ஏறுகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

"மேட்ச் என்ன ஆச்சு?"

"தோத்துட்டாங்க. வழக்கம்போல" என்றான் இசாவோ. சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதான். அதைப் பயணிகளிடம் சொல்வதில்லை.

ஊர்க் கால்பந்து அணிக்கு முரசு அடிப்பவள் மிட்சுயோ. கோலுக்குப் பின்னால் இருக்கும் கேலரியில் யாரும் உட்காருவதில்லை. பச்சைச் சட்டையும் பச்சைத் துண்டுமாக நின்று, குதித்து, பாடி, ஆட்டம் முடிவதற்குள் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ளும் கூட்டம் அது. பாட்டை எடுத்துக் கொடுப்பது குழாய் வேலை பார்க்கும் கோண்டா. கையில் ஒலிபெருக்கி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பான். தாளம் மிட்சுயோவுடையது. கல்யாணத்துக்கு முன்பே பிடித்த முரசுக் கோலை அவள் பிரசவத்துக்கு மட்டும்தான் கீழே வைத்தாள்.

நடைப்பயிற்சி என்ற பெயரில் நடக்காமலே கழிந்த அந்த நீண்ட குளிர்காலத்தில், இசாவோ அவளுக்கு மைதானத்தின் புதிய பார்வையாளர் வழிகாட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். வருடா வருடம் இலவசமாகத் தரும் பளபளப்பான சின்னப் புத்தகம். எந்த பஸ்ஸில் ஏறுவது, எந்த வாசலில் நுழைவது, குடல் கறிக் குழம்பு எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று எல்லாம் அதில் உண்டு. இத்தனை வருடம் அவள் அதைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. சொந்த வீட்டுக்கு யாராவது வழி கேட்பார்களா?

இப்போது பிரித்தாள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. 'தடையேதுமின்றி, அமைதியான சூழலில், ஆட்டம் முழுவதையும் கண்டு களிக்கலாம்.'

"அமைதியாவா?" என்றாள் மிட்சுயோ. "அமைதி வேணும்னா நான் கோயிலுக்குப் போக மாட்டேனா?"

"முதல்ல போய்ப் பாரு. அப்புறம் சண்டை போடு" என்றான் இசாவோ.

போய்ப் பார்த்தாள். வயல்களுக்கு நடுவே வெள்ளைக் கூரையோடு படுத்துக் கிடக்கும் அந்தப் பெரிய மைதானத்தின் வாசலிலேயே முரசைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வாத்தியங்களுக்கு அனுமதி கோலுக்குப் பின்னால் மட்டும்தான். சக்கர நாற்காலிக்கு அங்கே இடம் கிடையாது. பக்கவாட்டுக் கேலரியின் நடுவில், போர்வை போர்த்திய பெரியவர்களுக்குப் பின்னால் அவளை நிறுத்தினார்கள். முதல் பாதி முழுக்கக் கோண்டாவின் கூட்டம் தூரத்தில் ஒரு பச்சைக் கறையாக அசைந்தது. யாரோ ஒரு பொடியன் வேறொரு முரசை அடித்துக்கொண்டிருந்தான், பாத்திரம் கழுவுவதுபோல.

இரண்டாம் பாதியில் மினாகவா கோல் போட்டது. முன்வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். மிட்சுயோ பார்த்தது வரிசையாகச் சில குளிர்கோட்டுகளைத்தான்.

"யாரு போட்டது?" என்று கேட்டாள்.

முன்னால் நின்றவர் சந்தோஷம் வழியும் முகத்தோடு திரும்பினார். "ஐயோ, நீங்க பாக்கலையா?"

நல்ல மனிதர். மன்னிப்புக் கேட்டு உடனே உட்கார்ந்தும் கொண்டார். அவர் உட்கார்ந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தன்னால் ஒருவர் கோலைக் கொண்டாடாமல் உட்கார வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் நேராக அலுவலகத்துக்குப் போனாள். மைதான நிர்வாகத்தில் பார்வையாளர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் குராமோச்சி. ஒல்லியாக, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, எப்போதும் பாதி குனிந்தே நிற்கும், யாரையும் மரியாதையாகச் 'சான்' சேர்த்தே கூப்பிடும் மனிதர்.

"கோலுக்குப் பின்னால எனக்கு ஒரு இடம் வேணும்" என்றாள் மிட்சுயோ.

"அங்க எல்லாம் படிங்க, ஓரிகாசா சான். முன்னாடி கீழ இறங்கினா பந்து வந்து படும். ஆபத்து. உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. கண்டிப்பா பரிசீலிக்கிறோம்."

பரிசீலிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று மினாகவாவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

அதன்பிறகுதான் அவள் சொந்தமாக ஒரு வழிகாட்டி எழுதினாள். மைதானத்தில் உள்ளே விட்ட எல்லா மூலைகளுக்கும் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, சந்தையில் பேசுகிற மாதிரியே எழுதினாள். 'பக்கவாட்டுக் கேலரி: இங்கிருந்து கோல் தெரியாது. முன்னால் இருப்பவரின் முதுகு தெரியும். நல்ல முதுகாக அமைய வேண்டிக்கொள்ளவும்.' கழிப்பறையைப் பற்றி: 'கதவு உள்பக்கம் திறக்கும். நாற்காலி உள்ளே போனால் கதவு மூடாது. வெட்கம் உள்ளவர்கள் வீட்டிலேயே முடித்துவிட்டு வரவும்.' குடல் கறிக் கடையைப் பற்றி: 'மேடை உயரம் அதிகம், கடைக்காரருக்கு உங்கள் தலை தெரியாது. கையைத் தூக்கிக் கத்தவும். கறி அருமை.' கடைசியில் கொட்டை எழுத்தில், 'கோலுக்குப் பின்னால்: இடம் இல்லை என்கிறார்கள்.'

மூலைக்கடை நகல் இயந்திரத்தில் பிரதி எடுத்து, அடுத்த ஆட்டத்தன்று வாசலில் நின்று கொடுத்தாள். வளாகத்துக்குள் துண்டறிக்கை கூடாது என்று காவலர் தலை வணங்கிச் சொன்னார். மிட்சுயோ நாற்காலியைப் பின்னுக்கு உருட்டி, வளாகத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, ரோட்டில் நிறுத்திக்கொண்டாள். பனியும் மழையும் கலந்து கொட்டியது. இசாவோ குடை பிடித்தான்.

"சவாரி போயிருந்தா நாலு காசு பாத்திருப்பேன்" என்றான்.

"போயேன். குடையை மட்டும் குடுத்துட்டுப் போ."

அவன் போகவில்லை.

கோண்டா அங்கேதான் அவளைத் தேடி வந்தான். கண்ணைப் பார்க்காமல் பேசினான். "அக்கா, கொஞ்ச நாளைக்கு இதை நிறுத்தி வைங்களேன். நிர்வாகம் கடுப்புல இருக்கு. நம்ம முரசையே மொத்தமா தடை பண்ணிடுவாங்களோன்னு பசங்க பயப்படறாங்க."

"பசங்க பயப்படறாங்களா, நீ பயப்படறியா?"

"எல்லாருக்காகவும்தான் சொல்றேன்."

"அந்த எல்லாருல நான் இருக்கேனாடா?"

கோண்டா துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். அன்று அவளுக்கு வந்த கோபம் குராமோச்சி மேல்கூட வந்ததில்லை. கையிலிருந்த காகிதங்கள் நனைந்து கூழாகும்வரை ரோட்டிலேயே இருந்தாள்.

வேனல் தொடங்கியபோது வெளியூர் அணி ஒன்று ஆட வந்தது. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள். அவர்களில் ஹாச்சியா என்றொரு பெரியவர் சக்கர நாற்காலியில் வந்தார். மிட்சுயோவின் துண்டறிக்கையை வாங்கி, நடுரோட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தபடி படித்தார்.

"எழுதினது நீங்களா? முதுகைப் பத்தி எழுதினது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா கடைசி வரி தப்பும்மா. எங்க பக்கத்துக் கோலுக்குப் பின்னால, கம்பிக்குக் கீழ சமதரை இருக்கு. வெளியூர்க் கூட்டம் கம்மிதானே, அங்க நின்னுக்கச் சொல்லி விட்டுட்டாங்க. வருஷா வருஷம் நான் அங்கதான்."

மிட்சுயோ கையில் இருந்த காகிதங்களை மடியில் வைத்தாள்.

"நீங்களும் வாங்களேன்" என்றார் ஹாச்சியா. "முரசுகூட அடிக்கலாம், நம்ம பசங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பச்சைத் துண்டை மட்டும் பைக்குள்ள வெச்சுக்குங்க."

"காலுதான் போச்சு, பெரியவரே. துண்டையும் கழட்டிட்டா அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கோ விஷயம் பிடிபட்டுவிட்டது. மைதானத்தின் இரண்டு முனைகளும் ஒரே அச்சில் வார்த்தவை. அந்தப் பக்கம் சமதரை இருந்தால் இந்தப் பக்கமும் இருக்கும். விசாரித்தாள். இருந்தது. மடக்கிய விளம்பரப் பலகைகளை அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னால், ஆட்கள் அந்தப் பலகைகளை எடுத்துப்போக, அங்கே இறங்கும் சாய்தளத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தபோது, அவர்கள் பின்னாலேயே மிட்சுயோவும் நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை; அவ்வளவு நிச்சயமாகப் போகிறவளைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கேலரியின் கம்பிக்குக் கீழே, கோல் வலைக்கு நேர் பின்னால் நாற்காலியை நிறுத்திப் பூட்டினாள். புல்லின் ஈர வாசனை முகத்தில் அடித்தது.

இரண்டு காவலர்கள் ஓடி வந்தார்கள். பின்னாலேயே குராமோச்சி.

"ஓரிகாசா சான், தயவுசெஞ்சு வெளிய வாங்க. பந்து பட்டா என்ன ஆகும்?"

"அந்தப் பக்கம் ஹாச்சியா சான் இருந்தப்போ படலையா? ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தா பந்து ஒதுங்கிப் போகுமா?"

குராமோச்சி இன்னும் குனிந்தார். "ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"என் மேல வண்டி மோதினப்பவும் இதையேதான் கேட்டாங்க. யாரு பொறுப்புன்னு. கடைசில நாந்தானே நாற்காலில உக்காந்திருக்கேன். தூக்கிப் போடணும்னா போடுங்க. மேல இருக்கிறவங்க பாத்துட்டுத்தான் இருக்காங்க."

மேலே பாட்டு நின்றிருந்தது. கோண்டா கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தான்.

"அக்கா, ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. வேணாம், வந்துடுங்க."

மிட்சுயோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முரசைக் கீழ இறக்கு. இல்லன்னா வாயை மூடு."

பிறகு அவள் தலைக்கு மேலே உரசும் சத்தம் கேட்டது. கோண்டா முரசின் வாரைப் பிடித்திருந்தான். அவன் இடுப்பை இன்னும் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். முரசு ஆடி ஆடி இறங்கி அவள் மடியில் உட்கார்ந்தது. காவலர்கள் குராமோச்சியைப் பார்த்தார்கள். குராமோச்சி மைதானத்தைப் பார்த்தார். நடுவர் விசிலை ஊதிவிட்டார்.

வேறு வழியின்றி, பந்து வந்தால் தடுக்கலாம் என்று குராமோச்சி அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"நகருங்க. எனக்குத் தெரியல."

"பந்து..."

"உங்க முதுகைப் பாக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோட்டும் டையுமாக, முதல் பாதி முழுக்க அப்படியே இருந்தார்.

மிட்சுயோ அடித்தாள். தோள் வலித்தது, பழைய வீச்சு வரவில்லை, இரண்டு பாட்டு கழிவதற்குள் தாளம் பிசகியது. "அக்கா, தாளம் ஓடுது" என்று மேலிருந்து ஒலிபெருக்கியிலேயே திட்டினான் கோண்டா. "நீ ஒழுங்கா பாடு, தானா நிக்கும்" என்று அவள் திருப்பிக் கத்தினாள். எதிரணி போட்ட இரண்டு கோல்களையும் கண் முன்னால், வலை உப்புவதைக்கூட விடாமல், முழுசாகப் பார்த்தாள். மினாகவா ஒன்றும் போடவில்லை.

அன்றைய செயலுக்காக அந்த ஆட்டப் பருவம் முடியும்வரை அவளை மைதானத்துக்குள் விடக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சரி என்றாள். ஒவ்வோர் ஆட்டத்தன்றும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து துண்டறிக்கை கொடுத்தாள். இப்போது கடைசி வரியை மாற்றியிருந்தாள்: 'கோலுக்குப் பின்னால்: இடம் இருக்கிறது. போய் வந்தேன்.' கோண்டாவும் ஆட்டத்துக்கு முன்னால் வந்து, பக்கத்தில் நின்று, ஒரு கட்டை அவளிடம் வாங்கி, வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவான். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மறு வருடத்து வழிகாட்டியை இசாவோ கொண்டுவந்தபோது, அதில் ஒரு வரி கூடியிருந்தது. உள்ளூர் கோலுக்குப் பின்னாலும் சக்கர நாற்காலிகளுக்கு இடம் உண்டு. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். குராமோச்சி தொலைபேசியில் அழைத்தார்.

"அடுத்த பதிப்புல உங்க படத்தைப் போடலாம்னு இருக்கோம். சிரிச்ச முகமா ஒண்ணு வேணும்."

"முரசு அடிக்கும்போது யாராவது சிரிப்பாங்களா? வாயைத் திறந்து கத்தற மாதிரி எடுத்துக்குங்க. விண்ணப்பம்கிறதை எடுங்க, அப்புறம் படத்தைப் பத்திப் பேசலாம். மேல நிக்கிறவன் எவனும் விண்ணப்பம் போட்டு நிக்கல."

"பரிசீலிக்கிறோம்" என்றார் அவர். அதைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பருவத்தின் முதல் ஆட்டத்தன்று அடைமழை. கம்பிக்குக் கீழே கூரை கிடையாது. ஊழியர் ஒருவர் பிளாஸ்டிக் மழைக்கோட்டோடு ஓடி வந்து, பக்கவாட்டுக் கேலரியில் கூரைக்கடியில் இடம் காலியாக இருக்கிறது, உடனே மாற்றித் தருகிறோம் என்றார்.

மிட்சுயோ தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாள். கோண்டாவின் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சைக் கூட்டம் முழுவதும் தொப்பலாக நனைந்து நின்றது.

"அவங்களை மாத்தினா என்னையும் மாத்துங்க" என்று சொல்லிவிட்டு, முரசின் தோலில் தேங்கியிருந்த நீரைக் கையால் வழித்து எறிந்தாள்.