தொடாத பஜ்ஜியும் கற்றாழை மோரும்

டெல்லி வந்து இரண்டே மாதத்தில் என் வயிறு வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. காலையில் பூரி, மதியம் ஆபீஸ் கேன்டீனில் சோலே பட்டூரா, ராத்திரி சப்பாத்தி. இட்லியிலேயே வளர்ந்த குடல் பாவம், என்ன செய்யும்? கிட்வாய் நகரில் பெரியப்பா மகன் வீட்டில் தங்கியிருந்தேன். விடிந்தால் அந்த குவார்ட்டர்ஸின் ஒரே கக்கூஸுக்குள் நான். வெளியே வாளியோடு அண்ணன் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். உள்ளே ஒன்றும் நடக்காது.

அப்படி நான்கு நாள் ஒன்றுமே நடக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி என்னைப் பெண் பார்க்க ஆர்.கே.புரத்துக்கு அழைத்துப் போனார்.

கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்த தட்டோடு பெண் வந்தாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பிடித்துவிட்டது! ஆனால் பஜ்ஜி வாசனை பட்டதும் வயிறு கல்லாக இறுகியது.

"ஒண்ணாவது எடுத்துக்குங்க தம்பி" என்றார் அவள் அப்பா.

"வேண்டாங்க சார்."

அவர் முகம் வாடிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் தட்டைத் தொடவில்லை என்றால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அது எனக்கா தெரியாது? அண்ணி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிட்டு வரட்டுமே" என்று சமாளித்தார்.

பின்பக்க முற்றத்தில் அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். "பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் தட்டைத் தொடாமத்தான் போனாங்க. அன்னிக்கெல்லாம் அப்பா ராத்திரி சாப்பிடவே இல்ல."

மானமாவது மண்ணாவது! "நாலு நாளா வெளிக்குப் போகலைங்க" என்றேன்.

அவள் முதலில் விழித்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அச்சா! அவ்ளோதானா?" பூந்தொட்டியிலிருந்து ஒரு கற்றாழை மடலை வெட்டி, மஞ்சள் பால் வடியட்டும் என்று சுவரில் சாய்த்து நிறுத்தினாள். "இந்தப் பால் போகலன்னா வயித்தைப் பிடிச்சுப் பிசையும்." பிறகு தோல் சீவி, உள்ளிருந்த வழுவழுப்பான சோற்றைக் குழாயடியில் அலசினாள். ஏக், தோ, தீன் என்று ஏழு வரை எண்ணி அலசினாள். இஞ்சியும் உப்பும் போட்டு மோரில் கடைந்து கொடுத்தாள். கசந்தது, கொழகொழத்தது. இன்னொரு டம்ளர் கேட்கலாமா என்று நினைத்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கெஞ்சினேன்.

"சத்தியமா சொல்லமாட்டேன்."

சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்போது அவள் அப்பா வாசல்வரை வந்து, தொடாத தட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கக்கூஸ் கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே வந்த வேகத்தில் அண்ணன் வாளியைக் கீழே போட்டார். காற்றில் பறக்கிற மாதிரி இருந்தது. ஈரத்தலையோடு ஓடி பஸ் பிடித்தேன். ஆர்.கே.புரத்தில் அவள் அப்பாதான் கதவைத் திறந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை.

"சார், நேத்து பஜ்ஜி மீதி இருக்குங்களா?"

அவர் ஷேவிங் பிரஷ்ஷோடு விலகி வழிவிட்டார். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. தட்டு வந்தது. ஆறிப்போய் ரப்பராக இழுத்த எட்டு பஜ்ஜிகள். அத்தனையையும் நான் தின்று முடிக்கும்வரை அவர் நுரையைக்கூடத் துடைக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தார். கடைசிப் பஜ்ஜியை வாயில் போட்டதும், உள்ளே பார்த்துச் சொன்னார்:

"மாப்பிள்ளைக்குக் காபி கொண்டாம்மா."