முன்சீட்டில் அமர்ந்தவர்

சீனியம்மாள் சிஸ்டர் காலமான செய்தி எனக்கு அவருடைய வீட்டிலிருந்து முதலில் வரவில்லை. காலையில் மாத்திரை போடுவதற்காகத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"சார், ஒங்க சிஸ்டரு போய்ட்டாகளாம். மதுரை ஆஸ்பத்திரியில வச்சு. கேள்விப்பட்டீகளா?"

யார் பேசுவது என்று கேட்டேன்.

"தெரிஞ்சவுகதான். ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. இனிமே கோர்ட்டு, கேஸுன்னு நீங்க அலைய வேண்டாம் பாருங்க. வயசான காலத்துல வீட்டுல இருங்க சார். வெளிய வெயிலு ஒரு மாதிரியா அடிக்கி."

குரலில் கோபம் இல்லை. உடம்பை விசாரிக்கும் உறவினர் போலப் பேசிவிட்டு வைத்துவிட்டார். செய்தி பொய்யாக இருக்க வேண்டும் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் அவருடைய மகள் கனகா ஆமத்தூரிலிருந்து அழைத்து, "அம்மா போயிட்டாக சார்" என்றாள். எனக்கு முன்பே தெரியும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால், யார் சொன்னது என்று அவள் கேட்பாள்.

நம் மருத்துவப் பணியாளர் சங்க இதழைப் படிப்பவர்களில் பழைய செவிலியர்கள் அவரை அறிவார்கள். அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். அவர் எம். புதுப்பட்டியில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பட்டாசுத் தொழிலாளர்கள். பள்ளி விடுமுறைகளில் அவரும் வெடிகளுக்குத் திரி வைத்திருக்கிறார். செவிலியர் படிப்பு முடித்தபின் அரசுப் பணியில் பெரும் பகுதியைத் தீக்காயப் பிரிவில் கழித்தார். எப்போதும் உரக்கப் பேசுவார். நோயாளிகளின் அருகில் கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே என்று ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னேன். "மெதுவாப் பேசுனா, நாம சாகப்போறோம்னு நெனச்சுருவாக சார்" என்றார்.

நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். சிவகாசியில் ஓர் அறக்கட்டளை, இலங்கை அகதிகள் முகாம் ஒன்றுக்கு வாரம் ஒருமுறை மருத்துவக் குழுவை அனுப்பிவந்தது. இலங்கையில் மறுபடியும் சண்டை மூண்டு, படகுகளில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்த காலம். குழுவில் ஒரு மருத்துவர், சீனியம்மாள், நான், ஜீப் ஓட்டுநர் ஆகிய நால்வர் இருந்தோம். வேறு சிகிச்சை தேவைப்படுகிறவர்களை அந்த ஜீப்பிலேயே விருதுநகர் மருத்துவமனைக்கு அனுப்புவோம். முகாமிலிருந்து வெளியே போக அனுமதி வேண்டும். மாலையில் ஆள் கணக்கெடுப்பதற்குள் திரும்பிவிடவும் வேண்டும். பேருந்தை நம்பிப் போனால் முடியாது. ஆகவே அந்த ஜீப்பில் இடம் கிடைப்பது பெரிய காரியம்.

ஓட்டுநரின் பெயரை எழுதவில்லை. வழக்கு நடக்கிறது. எல்லோருக்கும் பிடித்தமானவனாக இருந்தான். முதியவர்களைத் தூக்கி ஏற்றுவான். பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கி வருவான். இன்று யார் ஏறலாம், யார் அடுத்த வாரம் வரலாம் என்பதையும் அவன்தான் சொல்வான். அந்தப் பொறுப்பை யாரும் அவனிடம் கொடுக்கவில்லை. எங்களுக்கு வேலை மிச்சம் என்று விட்டுவிட்டோம்.

முகாமில் ஒரு தாய்க்கு இதய வால்வில் கோளாறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். அதை மருத்துவமனையில்தான் போடுவார்கள். மகள் துணைக்குப் போவாள். இருபது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண். ஒருநாள் ஓட்டுநர் தாயைப் பின்னால் ஏற்றிவிட்டு, "நீ இங்கன வா பாப்பா, பின்னாடி நெருக்கடி" என்று மகளைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னான். பின்னால் இடம் இருந்தது. மருந்து மேசையிலிருந்து நானும் அதைப் பார்த்தேன்; எனக்கு அதில் எதுவும் தவறாகத் தெரியவில்லை. சீனியம்மாள் ஊசிக்குழலைத் தட்டில் வைத்துவிட்டு, ஜீப் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த முறை ஜீப் புறப்படும்போது அவர் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"சிஸ்டர், அது டாக்டர் சீட்டு" என்றான் ஓட்டுநர்.

"டாக்டரு இங்கனதான இருக்காரு. நீ வண்டிய எடு."

"நீங்க வந்தா இங்க ஊசி யாரு போடுவா?"

"மருந்து சார் போடுவாரு. எனக்குப் பின்னாடி உக்காந்தா கொமட்டும்லே தம்பி. ஒன் சட்டையிலதான் எடுப்பேன், பரவாயில்லையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவர் முன்சீட்டில் போய் வந்தார். பதவிக்கு மீறிய ஆசை என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். அறக்கட்டளை அலுவலகத்தில் 'முன்சீட்டு சிஸ்டர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இங்கே வேலை தேங்குகிறதே என்று நான் ஒருநாள் அவரிடம் முறையிட்டேன். அப்போதுதான் சொன்னார்.

"எங்க ஊருக்கு விடியக்காலம் பட்டாசுக் கம்பெனி வண்டி வரும் சார், ஆள் ஏத்த. போர்மேன் யாரை முன்னாடி உக்காரச் சொல்றானோ, அவளுக்கு அன்னைக்கு நெழல்ல வேலை. வெடிமருந்து ரூமுக்குள்ள போக வேண்டாம். ஊரே பாத்துக்கிட்டு நிக்கும். அவன ஒருத்தரும் கேக்க மாட்டாக. அவளத்தான் பேசுவாக."

சிறிது நேரம் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா ஒரு சீசன் பூராவும் முன்சீட்டுலதான் போனா. அடுத்த சீசனுக்கு அவ இல்ல. கெணத்துலருந்து எடுத்தாக."

அன்று முதல் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டால் எனக்கு மாத்திரை எண்ணிக்கை தவறிப்போகும்.

அவர் அறக்கட்டளையிடம் இரண்டு விஷயங்கள் கேட்டார். யார் ஏறுவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்; முகாம் பெண்களே தேர்ந்தெடுக்கும் ஒரு பெண் ஜீப்பில் எப்போதும் கூடப் போக வேண்டும். யோசிக்கலாம் என்றார்கள். யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, நாங்கள் போகாத ஒரு நாளில், ஓட்டுநர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தனியாக முகாமுக்குப் போயிருக்கிறான். "அம்மாவோட டெஸ்ட் ரிசல்ட் வந்துருக்கு. அவுகள அலைக்கழிக்க வேண்டாம், நீ மட்டும் வந்தாப் போதும்" என்று சொல்லி அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டான். அந்தத் தாய்க்கு நாங்கள் எந்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. மருத்துவமனைச் சீட்டு எல்லாம் என் கையால் எழுதியவை. நீதிமன்றத்தில் நான் சொல்ல வேண்டியதும் இந்த ஒரு வரிதான்.

அடுத்த வாரம் தாய் மட்டும் வந்தார். "அவளுக்கு ஏலாது ஐயா, காய்ச்சல்" என்றார். அதற்கடுத்த வாரமும் காய்ச்சல் என்றார். சீனியம்மாள் அந்த வீட்டுக்குப் போனார். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போய்த் தெருவில் நின்றேன். தார்ப்பாய் மறைப்புக்கு உள்ளே நடந்தது முழுவதும் எனக்குக் கேட்கவில்லை. உரக்கப் பேசும் அவர் அன்று குரலைத் தாழ்த்தியிருந்தார். ஒன்று மட்டும் கேட்டது.

"நீ ஒண்ணும் சொல்லணும்னு இல்ல தாயி. சொன்னாலும் சொல்லாட்டியும் ஒங்க அம்மாவுக்கு ஊசி நிக்காது. அது என் பொறுப்பு."

நெடுநேரம் கழித்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "வண்டி நிண்டு போனா எல்லாச் சனமும் என்னைத்தான் பேசும், அக்கா."

நான் அங்கிருந்து விலகிக் குழாயடிக்குப் போய்விட்டேன். சீனியம்மாள் வெளியே வந்தபோது அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் அவள் சொன்னதை எனக்குச் சொல்லவில்லை, கடைசிவரை. மறுநாளே அந்தப் பெண்ணை ஒரு பெண் மருத்துவரிடம் தானே அழைத்துப்போனார் என்பது மட்டும் தெரியும். இந்தக் கட்டுரையை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன். முகாமின் பெயரும் அவள் விருப்பப்படியே இதில் இல்லை.

பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. அச்சகத்துக்கு மேல்மாடி. காலண்டர் சீசன், கீழே இயந்திரங்கள் ஓட, தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. செயலாளர், நிர்வாகிகள் மூவர், முகாமிலிருந்து ஒரு பெரியவர் என ஐந்து ஆண்கள். நானும் ஓரமாக இருந்தேன். ஓட்டுநரைக் கீழே காக்க வைத்திருந்தார்கள். அந்தப் பெண் வந்து எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொல்லட்டும் என்றார் செயலாளர்.

"அவ வர மாட்டா" என்றார் சீனியம்மாள். "ஒருதரம் சொல்லிட்டா. நீங்க திருகத் திருகப் பாடுறதுக்கு அவ என்ன ரேடியோப் பொட்டியா?"

முகாம் பெரியவர் கைகூப்பினார். "எங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு வண்டிதான், தங்கச்சி. அதையும் இல்லாமல் செய்து போடாதேங்கோ."

"பாத்தீகளா?" என்றார் செயலாளர். "ஒரு புள்ளைக்காக அம்புட்டுப் பேரும் கஷ்டப்படணுமா? வெளிய தெரிஞ்சா நாம அந்தப் பக்கமே போக முடியாது. பேரு கெட்டுரும்."

"வண்டிய நிறுத்தணும்னு அந்தப் புள்ள சொல்லலியே. நீங்கதான் சொல்றீக. வேற டிரைவரப் போட ஒங்களுக்கு என்ன தடை?"

செயலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நெனைக்கீக சார்?" என்றார். "வேறு ஓட்டுநர் கிடைப்பார்" என்றேன். படியிறங்கும்போது சீனியம்மாள் என்னைப் பார்த்து, "இத்தன நாளாக் கூடவே இருக்கேன், இன்னைக்குத்தான் ஒங்க சத்தம் கேக்கு" என்றார். கீழே காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்த ஓட்டுநர், அவருக்கு வழிவிட்டு எழுந்து வணக்கம் சொன்னான்.

அவனை விலக்கினார்கள். வேறு ஓட்டுநர் வந்தார். முகாமில் பெண்கள் கூடிப் பேசி, தங்களுக்குள் ஒருத்தியை ஜீப்பில் துணைக்கு அனுப்பினார்கள். ஊசி ஒருமுறைகூடத் தவறவில்லை. காவல் நிலையத்துக்குப் போவதா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும் என்று சீனியம்மாள் காத்திருந்தார். எனக்கோ, தாமதமானால் வழக்கு நிற்குமா என்ற கவலை. கேட்டேன். "அவள ஒரு தடவ கேக்காம ஏத்திட்டுப் போயாச்சு. நானும் அதச் செய்யவா?" என்றார். பல மாதங்களுக்குப் பின் அவளே வந்து, போகலாம் அக்கா என்றாள். மகளிர் காவல் நிலையத்துக்கு இருவரும் சேர்ந்து போனார்கள்.

கைதான ஓட்டுநர் ஜாமீனில் வந்தான். அதன் பிறகு முகாமுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அவனைப் பார்க்க ஆரம்பித்தோம். எதுவும் செய்ய மாட்டான். மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்பான். ஆமத்தூரில் சீனியம்மாள் வீட்டுத் தெருமுனையிலும் நின்றான். "நிக்கட்டும் சார். நெழல் இல்லாத எடம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் கனகாவைத் தனியாகக் கடைக்கு அனுப்புவதை நிறுத்தியிருந்தார் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. வேறு மாவட்டத்தில் இன்னொரு முகாமுக்குப் போகும் குழுவில் அவன் வேலை கேட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும், அறக்கட்டளையை நேரே அங்கே பேச வைத்தார். அதற்குள் சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. மதுரை மருத்துவமனையில் நான் பார்த்தபோது கால்கள் வீங்கியிருந்தன. "வாய்தா என்னைக்கு சார்?" என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாட்சிகளில் முதன்மையானவர் அவர்தான்.

இறுதிச் சடங்குக்கு முகாமிலிருந்து பெண்கள் அனுமதி வாங்கி வந்திருந்தார்கள். மாலைக் கணக்குக்குள் திரும்ப வேண்டுமென்பதால் எடுப்பதற்கு முன்பே புறப்பட வேண்டிய நிலை. தெருமுனையில் மோட்டார் சைக்கிள் நின்றது. பந்தலில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெண் சீனியம்மாளின் காலருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஐயா, நான் கோர்ட்டுக்கு வருவன். ஆனா அண்டைக்கு எனக்குப் பக்கத்தில ஆர் நிப்பினம்?"

நான் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்டது ஒரு பெண்ணை என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டேன். அப்போது, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நின்றிருந்த அவளுடைய தாய் பேசினார். மகளுக்கு நேர்ந்ததைப் பற்றி அவர் வாய் திறந்து நான் அதுவரை கேட்டதில்லை.

"நான் நிப்பன், பிள்ளை. நிக்க ஏலாட்டி இருப்பன்."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு தாயின் முந்தானையைச் சரி செய்துவிட்டு, அவர் கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். இருவரும் அந்தத் தெருமுனை வழியாகத்தான் பேருந்துக்குப் போக வேண்டும். மெல்ல நடந்து போனார்கள்.

சிஸ்டர், உங்களை நெருப்பு எடுத்துக்கொண்டபோது அவர்களால் அங்கே இருக்க முடியவில்லை, நான் இருந்தேன். அடுத்த வாரம் வாய்தா. அந்தத் தொலைபேசிக் குரல் நேற்றும் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன். தாயும் மகளும் வருகிறார்கள். நான் என் ஒரு வரியைச் சொல்லப் போகிறேன். அவனும் வருவான். நீங்கள் போய் வாருங்கள்.