பட்டியலில் விட்ட பெயர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டிலும் வேலையிடத்திலும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது, நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் ஒரு முறை என் கோபத்தால் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி தன் வெள்ளிக்கிழமையை இழந்தாள். அதை இன்றுவரை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் எனக்கு வேலை. கொரோனா ஊரடங்கில் வீட்டோடு முடங்கியிருந்தபோது, அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் வகுப்புத் தோழனும் நானும் சேர்ந்து ஒரு விளையாட்டு சர்வர் தொடங்கினோம். கட்டைகளை அடுக்கி வீடோ மலையோ எதை வேண்டுமானாலும் கட்டுகிற விளையாட்டு அது. இணையம் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் உள்ளே வந்து மற்றவர்களோடு சேர்ந்து கட்டலாம். நாங்கள் பாபநாசத்திலிருந்து சீவலப்பேரி வரை எங்கள் ஆற்றையே கட்டினோம். மணிமுத்தாறு அருவியை ஒருவர் மூன்று தடவை இடித்துக் கட்டினார். தண்ணீர் விழுகிற அழகு சரியில்லையாம். யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்கிற வேலை. ஊரடங்கு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் வேலை செய்கிற எங்கள் ஊர்க்காரர்கள்.

அவர்களில் ஒருவர் மேலப்பாளையத்துக்காரர், வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். அவர் கடைசியாக ஊருக்கு வந்துபோய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. தொழுகையும் சாப்பாடும் முடித்து அவர் உள்ளே வரும்போது நமக்கு மாலை நாலரை மணி இருக்கும். அவர் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், உம்மாவின் போனில் காத்திருப்பாள். சீவலப்பேரி ஆற்றோரம் வாப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மற்ற நாட்களில் அவள் அந்தப் பக்கமே போகமாட்டாள். வாப்பா இல்லாமல் ஒரு கல்கூட வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த பேச்சு.

பிறகு தாக்குதல் ஆரம்பித்தது. இந்த மாதிரித் தாக்குதலில் யாரும் உள்ளே புகுந்து எதையும் உடைப்பதில்லை. எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் சும்மா வந்து சர்வரின் கதவைத் தட்டும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் பஸ்ஸில் கூட்டம் அப்பினால், தினமும் போகிறவருக்கு ஏற வழி இருக்காதே, அந்த மாதிரி. உள்ளே இருப்பவர்களும் ஒவ்வொருவராக வெளியே தள்ளப்படுவார்கள். மூன்று வாரம் தொடர்ந்து இது நடந்தது. மூன்றும் வெள்ளிக்கிழமை, மூன்றும் நாலரைக்குப் பிறகு.

தோழன் நிதானமானவன். நமக்கும் இணையத்துக்கும் நடுவில் பாதுகாப்புச் சேவை ஒன்றை வைப்போம், பொய்த் தட்டல்களை அது வடிகட்டிவிடும், எல்லோரிடமும் நடப்பதைச் சொல்லிவிடுவோம் என்றான். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எவன் செய்கிறான் என்று தெரிந்தாக வேண்டும். வருகைப் பதிவைத் தோண்டினேன். மூன்று வாரமும் அந்த எலக்ட்ரீஷியன் உள்ளே வந்து ஐந்தாறு நிமிஷத்தில் தாக்குதல் தொடங்கியிருந்தது. போதாததற்கு, அவர் கட்டிய மதில் பாதையை மறிக்கிறது என்று போன மாதம் எல்லோர் முன்னாலும் நான் அவரைச் சத்தம் போட்டிருந்தேன். மனிதர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் மதிலை எடுத்துவிட்டார். அந்த அமைதிதான் எனக்கு உறுத்தியது.

"ஆளத் தேடுதத விடு. நம்ம ஆள்மேலயே சந்தேகப்பட்டா அப்புறம் இத எதுக்கு நடத்துதோம்?" என்றான் தோழன்.

நான் விடவில்லை. இனிப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று அறிவித்தேன். பட்டியல் இந்தத் தாக்குதலைத் தடுக்காது என்பது எனக்கே தெரியும். அவர் இல்லாத வெள்ளிக்கிழமை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் அது. கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டதற்காக இருபது வருஷமாக முகம் பார்க்காத குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அது தெரிந்திருந்தும், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பெயர் சேர்த்தேன், அவரை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். மகளின் பெயரைச் சேர்த்துக்கொண்டேன், ரொம்ப நியாயமாக நடப்பதாக நினைப்பு.

வெள்ளிக்கிழமை அவள் வந்து அந்தப் பாதி வீட்டின் வாசலில் நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். வாப்பா வரவில்லையா என்று, தெரியாதவள் மாதிரி எழுதிக் கேட்டேன்.

"வாப்பாக்கு அங்கன நெட்டு சரியில்லயாம்க்கா. ஆனா வந்துருவாங்க" என்று எழுதினாள்.

அடுத்த செய்தியை அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே தாக்குதல் வந்தது. அவள் போனாள், நானும் போனேன், எல்லோரும் போனார்கள். அவர் உள்ளேயே இல்லை. எங்கள் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம் பார்த்து எவனோ அடிக்கிறான், மகளைப் பார்க்க இவரும் அதே நேரத்துக்கு வருகிறார், அவ்வளவுதான் கணக்கு. எங்கள் ஆட்களை வரவிடாமல் செய்வதுதான் தாக்குகிறவனின் நோக்கம். அவனால் வாரம் அரைமணி நேரம்தான் முடிந்தது. ஒரு மனிதரை மொத்தமாக வெளியே நிறுத்தியது நான்.

அன்றைக்கே அவருக்குப் போன் செய்து, உங்கள் பெயர் தவறுதலாக விட்டுப்போகவில்லை, வேண்டுமென்றே விட்டேன் என்று சொன்னேன். சந்தேகப்பட்டதையும் சொன்னேன்.

"பேரு இல்லன்னு காட்டுன உடனே புரிஞ்சிட்டு தங்கச்சி. பிள்ளைட்ட நெட்டு சரியில்லன்னு சொல்லிட்டேன். உங்களப் பத்தி அவ தப்பா நெனச்சிரக் கூடாதுல்லா" என்றார். பிறகு, "உங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் வேண்டாம்னா வேண்டாம். அவள மட்டும் இருக்க விட்டுருங்கன்னு" என்றார்.

போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவர்தான் சமாதானம் சொன்னார்.

அந்த வாரமே பட்டியலை எடுத்தோம். தோழன் முதலிலேயே சொன்ன பாதுகாப்புச் சேவையை வைத்தோம், சர்வரின் உண்மையான முகவரியை மாற்றி அதன் பின்னால் மறைத்தோம். தாக்குகிறவனுக்குப் பதில் பேசுவதில்லை, நம் ஆட்களுக்குள் அவனைத் தேடுவதில்லை, என்ன நடந்தாலும் எல்லோருக்கும் உடனே சொல்வது என்று முடிவு செய்தோம். கோபக்காரி நிதானம் பழகட்டும் என்று, சொல்கிற பொறுப்பைத் தோழன் என்னிடமே விட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் உள்ளே வந்ததும் நான் முதலில் மகளிடம், வாப்பாவின் நெட்டில் குறை இல்லை, நான்தான் தப்பு செய்தேன் என்று எழுதினேன். அவள் வாப்பாவோடு கூரை போடப் போய்விட்டாள். சற்று நேரத்தில் தாக்குதல் வந்தது. ஆறு விட்டு விட்டு ஓடியது, ஆட்கள் நின்ற இடத்திலேயே உறைந்து உறைந்து அசைந்தார்கள், ஆனாலும் யாரும் வெளியே விழவில்லை. மறுபடி அடிக்கிறார்கள், பயப்பட வேண்டாம், வெளியே விழுந்துவிட்டால் திரும்ப வாருங்கள், இடம் இருக்கும் என்று எல்லோருக்கும் எழுதினேன்.

அரை நிமிஷம் தாமதித்து அவள் பதில் வந்தது.

"நாங்க ரெண்டு பேரும் இங்கனதான் இருக்கோம்க்கா."