வென்றவரைக் கவிழ்க்கும் வழக்கம்

அறுபதுகளின் தொடக்கத்தில் முல்லைத்தீவில், கடலை ஒட்டிய களப்பின் கரையிலிருந்த பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வாத்தியாராக இருந்தேன். சித்திரை வருடப்பிறப்புக்கு அங்கே ஒற்றையாள் தோணிப் போட்டி நடக்கும். வென்றவரைத் தோணியோடு சேர்த்துத் தண்ணீரில் கவிழ்ப்பார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான். நனைந்தபடி எழுந்து நிற்பவரைத் தோளில் தூக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அதற்கு மேல் பரிசு ஒன்றும் கிடையாது.

அந்த வருடம் போட்டியை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வலை பின்னும் ஒருவர் தானும் துடுப்பு வலிக்கப் போவதாக வந்தார். சிறுவயதில் வந்த வாதத்தால் அவருடைய கால்கள் இரண்டும் சூம்பியிருந்தன, இடுப்பிலும் பலமில்லை. பலமெல்லாம் தோள்களில். வீட்டில் உட்காரும் பழைய மரக் கதிரை ஒன்றின் கால்களை அறுத்துவிட்டு, அதைத் தோணிக்குள் ஆணியடித்து இறுக்கியிருந்தார்.

"இனி எனக்கும் கதிரைக்கும் வித்தியாசமில்லை வாத்தியார். ரெண்டுக்கும் காலில்லை" என்று சிரித்தார்.

ஆனால் துடுப்பை இழுக்கும்போது அவருடைய உடல் முன்னே சரிந்தது. வேட்டித் துணியால் அவரைக் கதிரையோடு சேர்த்துக் கட்டியது நான். பழகும்போது முடிச்சு ஒருமுறை நழுவியதால், போட்டியன்று முதுகுப்பக்கமாக இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கினேன்.

"ஒண்டு கேக்கிறன்" என்றார் அவர். "தோத்தா ஆரும் என்னைப் பாத்து உச்சுக்கொட்டக் கூடாது. வெண்டா, மற்றவைக்குச் செய்யிறதை எனக்கும் செய்யோணும்."

"ஓம் அண்ணை, அது என்ரை பொறுப்பு" என்றேன்.

அவர் வென்றார். இளைஞர்கள் தண்ணீருக்குள் ஓடிப்போய், தோணியைப் பிடித்தபடி தயங்கி நின்றார்கள்.

"என்ன செய்யிறது வாத்தியார்? ஆள் ஏலாதவர் எல்லோ?"

எனக்குக் கோபம் வந்தது. "வெண்டவர் வெண்டவர்தான். பிரட்டுங்கோடா!" என்று கத்தினேன்.

முடிச்சை மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். என் நியாயம் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது. வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

தோணி குப்புறக் கவிழ்ந்தது. அவர் எழுந்து வருவார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். பக்கவாட்டில் ஒரு கை வெளியே வந்து தோணியின் அடிப்பலகையில் தட்டியது.

"ஆள் தாளமெல்லோ போடுறார்!" என்றான் ஒருவன். சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கை நின்ற பிறகுதான் நான் ஓடினேன். தோணியை நிமிர்த்தினோம். நனைந்த துணி இறுகியிருந்தது. என் விரல்களுக்கு அவிழவில்லை. கத்தி கொண்டுவந்து அறுத்தார்கள். அவர் மூச்சில்லாமல் என் கைகளில் சரிந்தார்.

செய்தி கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த அவருடைய மனைவி, அறுத்துப் போட்டிருந்த துணியைக் கையில் எடுத்தார்.

"ஆர் வாத்தியார் இவரைக் கட்டினது?"

"அவரே கட்டினவர்" என்றேன்.

"முதுகிலையோ?"

 நான் கட்டியதைப் பார்த்தவர்கள் பலர் அங்கே நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தோணியைப் புரட்டியது அவர்களுடைய கைகள்.